எவரிஸ்தாவின் வலது கால்

"அப்போ அந்தக் கம்பி ஆறு வாரமும் இப்படி வெளியதான் நீட்டிக்கிட்டு இருக்குமா, அண்ணி?"

"இருக்கும்."

"ராத்திரி கம்பளியில மாட்டிக்காதா?"

"மாட்டும். மாட்டுச்சுன்னா நான் போடுற கூப்பாட்டுல நாய் எந்திரிக்கும், ஆடெல்லாம் எந்திரிக்கும். உங்கண்ணன் மட்டும் எந்திரிக்காது."

பிளாசிதா வாய்விட்டுச் சிரித்தாள். கையில் வைத்திருந்த சூப்புக் கிண்ணம் ஆடி, இரண்டு சொட்டு ஆட்டுத்தோலின் மேல் விழுந்தது. அவள் குனிந்து, பெருவிரல் நுனியில் கம்பி நீட்டியிருந்த, அண்ணியின் கட்டுப்போட்ட காலை ஒரு புதுக் கன்றைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"நுனியில மஞ்சளா என்னது?"

"ரப்பர் குமிழ். துணியைக் குத்தாம இருக்கறதுக்கு."

"எங்க கிடாவுக்கும் இப்படி ரெண்டு வாங்கி மாட்டணும். போன வாரம் என் தொடையில ஒரு முட்டு முட்டுச்சு பாரு." கிண்ணத்தை எவரிஸ்தாவின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி, வெட்டி எடுத்தாங்களே அந்த முடிச்சு, அதை என்ன பண்ணாங்க?"

"தெரியலை."

"கேக்கலியா நீ? உன் எலும்பு அண்ணி அது. கேட்டு வாங்கிட்டு வந்து நம்ம நிலத்துல புதைச்சிருக்கணும்."

"கேட்டேன்டி. அந்த டாக்டரம்மா சிரிச்சா. எல்லாம் பொடியாப் போயிடுச்சு, தண்ணியில கழுவி விட்டுட்டோம்னு சொன்னா."

பிளாசிதா சிரிக்கவில்லை. கோக்கா இலைப் பையைப் பிரித்து, முழுதாக இருந்த இலைகளில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, அண்ணியின் முன்னால் மண்ணில் வைத்தாள். கழுவிப்போன எலும்புக்கு அவள் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

சுவரின் வெயில் பக்கத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எவரிஸ்தாவின் கால் விதைக்கிழங்கு மூட்டையின் மேல் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. நெஞ்சைவிட உயரமாகக் கால் இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் ஊர் வீடுகளில் அவ்வளவு உயரத்துக்கு வேறு சாமான் கிடையாது.

அந்த முடிச்சு அவளோடு நாற்பது வருஷம் இருந்தது. பதினாலு வயதில் லா பாஸ் நகரத்தில் ஒரு வீட்டு வேலைக்குப் போனபோது அந்த வீட்டுப் பெண்ணின் பழைய ஷூக்களை அவளுக்குக் கொடுத்தார்கள். பளபளவென்று கறுப்பு, முன்பக்கம் கூர். ஏழு வருஷம் அந்த ஷூக்களிலேயே மாடிப்படிகளைத் துடைத்தாள். பெருவிரல் மெல்லப் பக்கத்து விரலின் மேல் சாய்ந்தது. அதன் அடிமூட்டில் எலும்பு வெளியே புடைத்தது. கல்யாணமாகி எங்கள் ஊர் சில்லவாயாவுக்கு வந்து டயர் செருப்புக்கு மாறிய பிறகும் முடிச்சு வளர்வதை நிறுத்தவில்லை. கடைசி இரண்டு வருஷம் செருப்பு வாரைக்கூட அந்த இடம் தாங்கவில்லை. ஆடுகளுக்குப் பின்னால் அவள் ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போவதை, எல் ஆல்த்தோ நகரத்திலிருந்து வந்த மகள் ரோக்ஸானா ஒரு நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டாள்.

ஆபரேஷன் ஏற்பாடெல்லாம் ரோக்ஸானாதான் செய்தாள். அதற்கு முன்னால் அம்மாவிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டாள்.

"கால் நேராகி நீ நல்லா நடந்தேன்னா, உன் இஷ்டம்மா. சாகுற வரைக்கும் உன் ஆடோட இரு, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனா கால் கெட்டுப்போச்சுன்னா, ஆட்டை வித்துட்டு, கதவைப் பூட்டிட்டு, ரெண்டு பேரும் என் வீட்டுக்கு வந்துடணும். சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் எவரிஸ்தா. கால் கெட்டுப்போகும் என்று அவள் அப்போது நினைக்கவில்லை. கணவர் செனோபியோ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் முடிந்து பத்து நாள் மகள் வீட்டில் இருந்தார்கள். அங்கே குழாயைத் திருப்பினால் வெந்நீர் வந்தது. செனோபியோ பத்து நாளும் தினமும் முகம் மழித்துக்கொண்டார். ஊரில் அவர் திருவிழாவுக்குத்தான் மழிப்பார். கட்டிலில் படுத்தபடி எவரிஸ்தா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி முன்னால் நின்று, நுரை ததும்பும் முகத்தோடு, மனிதர் மெல்லிய குரலில் பாட்டு முனகிக்கொண்டிருந்தார். பதினோராவது நாள் காலையில் அவள், "உறைபனிக் காலம் வந்துடுச்சு, வீட்டுக்குப் போகணும்," என்றாள். ரோக்ஸானா கத்தினாள், அழுதாள், கடைசியில் மினிபஸ்ஸில் அம்மாவின் காலை நீட்டிவைக்க இரண்டு இருக்கை பிடித்துக்கொடுத்தாள்.

"மிதிக்கக் கூடாது. நனைக்கக் கூடாது. கட்டைப் பிரிக்கக் கூடாது. நடந்தா குதிகாலால மட்டும்தான் நடக்கணும். கேக்குதாம்மா?"

"காலுக்குத்தான் ஆபரேஷன். காது நல்லாத்தான் இருக்கு."

கேட்கத்தான் செய்தது. ஆனால் குளிரைப் பற்றி அந்த ஊரில் யாரும் எதுவும் சொல்லவில்லை. எலும்புக்குள் போன இரும்பு, வெளியே இருக்கும் குளிரை ஒரு வைக்கோல் குழல்போல உள்ளே உறிஞ்சும் என்று அவர்களுக்கே தெரியாதோ என்னவோ. வீட்டுக்கு வந்த முதல் நாள் விடியற்காலையில் அவளுக்குத் தெரிந்தது. கம்பி போகிற வழி முழுவதையும் அவளால் விரல் வைத்துக் காட்ட முடிந்தது: நகத்துக்குக் கீழே தொடங்கி, மூட்டைத் தாண்டி, பாதத்தின் நடு எலும்பு வரை. பிளாசிதா லாமா ரோமத்தில் ஒரு சின்ன உறை பின்னிக்கொடுத்தாள், கம்பிக்கு மட்டும். அது கொஞ்சம் உதவியது. பிறகு உதவவில்லை.

வலி ஒரே மாதிரி இருக்கவில்லை. காலையில் கம்பியின் வலி. வெயில் ஏறியதும் அது அடங்கி, தையல் போட்ட இடம் அரித்து எரியும். மத்தியானத்துக்கு மேல் கால் வீங்கி, கட்டு இறுகி, உள்ளே ஒரு நாடி தனியாகத் துடிக்கும். மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் தலை பஞ்சாகிவிடுகிறது, நரி வந்தால் காதில் விழாது என்று பாதிப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டாள். கட்டு மாற்றச் சுகாதார நிலையத்துக்கு ஒரு தடவை போனபோது காலைப் பார்த்தாள். முடிச்சு இருந்த இடம் தட்டையாக இருந்தது. பெருவிரல் நேராக, வெளுத்து, மரியாதையாக நின்றது. யாரோ ஒரு பெண்ணின் காலைத் தன் கணுக்காலில் தைத்துவிட்டார்கள் என்று தோன்றியது.

"எப்படி இருக்கு?" என்று செனோபியோ கேட்டார்.

"அழகா இருக்கு. எனக்குத்தான் அதைப் பழக்கமில்லை."

உறைபனி அந்த வருஷம் தாமதமாகத்தான் வந்தது. கசப்பு உருளைக்கிழங்குகளைச் செனோபியோ தனி ஆளாக வெட்டவெளியில் பரப்பிவைத்திருந்தார், ஒன்றை ஒன்று தொடாமல். மூன்று ராத்திரி நன்றாக உறைந்தால்தான் மிதிக்க முடியும். மிதித்து, தண்ணீரை வடித்து, மறுபடி உறையவிட்டு, வெயிலில் காயப்போட்டால் சுன்யோ. கறுத்துச் சுருங்கிய அந்தக் கூழாங்கற்கள் பத்து வருஷம் ஆனாலும் கெடாது. மழை பொய்த்த வருஷங்களில் நாங்கள் தின்பது அதைத்தான். உறைந்த கிழங்கை மிதிக்காமல் விட்டு, மேகம் வந்து காற்று வெதுவெதுப்பானால் இரண்டே நாளில் எல்லாம் அழுகிப் போகும். நாற்றம் ஊர் எல்லை வரை வரும்.

முதல் ராத்திரி உறைந்தது. இரண்டாவதும் உறைந்தது. அன்று காலை செனோபியோ இரண்டு கிழங்குகளைக் கொண்டுவந்து அவள் காதருகே தட்டினார்.

"கேளு."

டொக் என்று கேட்டது. நடுவில் இன்னும் கொஞ்சம் ஈரச் சத்தம் இருந்தது.

"இன்னும் ஒரு ராத்திரி," என்றாள்.

"நானும் அதான் நினைச்சேன்."

"நினைச்சா எதுக்கு எங்கிட்ட கேக்குற?"

"நீ சும்மாவே உக்காந்திருக்கியே, ஒரு வேலை கொடுக்கலாம்னுதான்."

மூன்றாவது ராத்திரி வாளித் தண்ணீர் அடிவரை உறைந்தது. காலையில் எவரிஸ்தா தன்னையும் வயலுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். உட்கார்ந்து சொத்தையைப் பொறுக்குகிறேன், கைக்கு ஒன்றும் ஆபரேஷன் இல்லையே என்றாள். செனோபியோ அவளைக் கழுதையின் மேல் ஏற்றி, காலுக்கு ஒரு கம்பளியைச் சுருட்டி வைத்து, மெல்ல நடத்திக்கொண்டு போனார். வயலோரத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் காலை வைத்தார்.

பிளாசிதா ஏற்கனவே வந்திருந்தாள். கிழங்குகளைக் குவியல் குவியலாகத் தள்ளிவிட்டு, செருப்பைக் கழற்றி, பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு முதல் குவியலில் ஏறினாள். "அய்யய்யோ!" என்று ஒரு சத்தம் போட்டாள். வருஷா வருஷம் போடுகிற சத்தம்தான். செனோபியோ பக்கத்துக் குவியலில் ஏறினார். இரண்டு பேரும் இடுப்பில் கைவைத்து, குதிகாலிலிருந்து விரல்நுனி வரை உருட்டி உருட்டி மிதித்தார்கள். மேலே வெயிலில் லேசாக இளகிய கிழங்குகள் நசுங்கி, தோல் கழன்று, ஊதா நிற நுரை விரல் இடுக்குகளில் பொங்கியது.

"அண்ணா, நீ மிதிக்கிறியா, கிழங்குகிட்ட மன்னிப்புக் கேக்குறியா?"

"மூச்சு வாங்குதுடி."

"அண்ணி மிதிச்சா இந்நேரம் ஆறு குவியல் முடிஞ்சிருக்கும். அந்த முடிச்சால ஒரு உருட்டு உருட்டுவா பாரு, தோலு சட்டை கழட்டுன மாதிரி வந்துடும். அதைப் போய்ப் பொடியாக்கித் தண்ணியில விட்டிருக்காங்க. படிச்சவங்களாம்!"

எவரிஸ்தா சிரித்தாள். ஆனால் பிளாசிதா சொன்னது விளையாட்டு இல்லை. அந்த முடிச்சுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு உபயோகம் இருந்தது, அது வருஷத்தில் சில நாட்களுக்கு இந்த வயலில்தான்.

மத்தியானம் துணியை விரித்துச் சாப்பிட்டார்கள். அவித்த கிழங்கு, வறுத்த மொச்சை, பிளாசிதா கொண்டுவந்த பாலாடைக்கட்டி, மிளகாய் அரைத்த துவையல். அப்போதுதான் மேற்கே மேகத்தைப் பார்த்தார்கள். ஆட்டு ரோமத்தைப் பிய்த்துப் போட்டதுபோலச் சிறியதாகத்தான் இருந்தது. ஆனால் காற்று திசை மாறியிருந்தது.

பிளாசிதா எழுந்து நின்றாள். "என் வயல்ல ஒரு குவியல்கூட நான் மிதிக்கலை, அண்ணி."

"போ, போ. இங்க நாங்க பாத்துக்கறோம்."

"பாதிக்கு மேல கெடக்கே."

"போடி. உன்னோடது அழுகிப் போனா நீ எங்க கிழங்கைத்தான் திங்க வருவே."

அவள் ஓடினாள். செனோபியோ மறுபடி மிதிக்கத் தொடங்கினார். ஒரு குவியல் முடிந்தது. இரண்டாவதில் இருமல் வந்து, மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில்தான் ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கூவினார்கள்: ஆடுகள் பார்லிக் கதிர்ப்போரில் புகுந்துவிட்டன. அவர் ஈரக் காலைச் செருப்பில் நுழைத்து, நாயைக் கூப்பிட்டபடி, இருமிக்கொண்டே சரிவில் இறங்கிப் போனார்.

எவரிஸ்தா தனியாக உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கும் நேரம் அது. கட்டு இறுகத் தொடங்கியிருந்தது. உள்ளே நாடி துடித்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் கண்ணுக்குள் வெளிச்சம் கூடிக் குறைந்தது. காலையிலிருந்து கழுதையின் மேல் ஆடிவந்ததில் கம்பியின் வலியும் அன்று போகாமல் கூடவே இருந்தது. பாதி மாத்திரை வீட்டில் தகரப் பெட்டிக்குள் இருந்தது. பக்கத்தில் ஒரு குவியல். அடியில் இருந்த கிழங்குகள் இன்னும் இளகாமல், வெள்ளையாக, பனிப்புகை விட்டுக்கொண்டிருந்தன.

சும்மா தொட்டுப் பார்க்கத்தான் நினைத்தாள். அடிபட்ட இடத்தில் பனிக்கட்டி வைக்காதவர்கள் யார் இருக்கிறார்கள்? ஆஸ்பத்திரியில்கூட முதல் நாள் ஒரு பையில் பனிக்கட்டி கட்டி வைத்தார்களே.

ரோம உறையைக் கழற்றினாள். கட்டைப் பிரித்தாள், சுற்றுச் சுற்றாக, மடியில் ஒழுங்காகச் சுருட்டிக்கொண்டே. காலை இரண்டு கையாலும் தூக்கிப் பெட்டியிலிருந்து இறக்கி, குவியலின் அடியில் கிழங்குகளுக்கு நடுவே செருகினாள்.

முதலில் கத்தி வைத்ததுபோல இருந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு அது மெல்ல அடங்கியது. நாடி தூரமாகப் போனது. அரிப்பு நின்றது. கம்பி எந்த வழியாகப் போகிறது என்று தேடிப் பார்த்தாள், அதுவும் தெரியவில்லை. இருபத்துநான்கு நாட்களில் முதல்முறையாக அந்தக் காலில் எதுவுமே இல்லை. எவரிஸ்தா வானத்தைப் பார்த்தாள். கண்ணில் தானாக நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. மேகம் மட்டும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

எழுந்து நின்றது எப்போது என்பதும் அவளுக்குத் தெரியாது. நின்றிருந்தாள், அவ்வளவுதான். இரண்டு காலிலும் சமமாக. கையால் பாவாடையைச் செருகிக்கொண்டிருந்தாள்.

முதல் குவியல் மெதுவாகப் போனது. கால் கிழங்கைத் தேடியது. முடிச்சு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லாததால் கிழங்கு வழுக்கி ஓடியது. இன்னும் அழுத்தினாள், பெருவிரலை நன்றாக ஊன்றி. அப்போது பிடி கிடைத்தது. தோல் வந்தது. பழைய தாளம் இடுப்பிலிருந்து இறங்கி முழங்காலுக்கு வந்தது. இரண்டாவது குவியல். மூன்றாவது. காற்று அவள் பின்னல்களைத் தூக்கி முதுகில் அடித்தது. இந்த வயலில் அவள் மிதிக்காத வருஷம் ஒன்றுகூட இல்லை. ரோக்ஸானா வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோதுகூட மிதித்தாள். மேகத்தைப் பார்த்து, "வா, வா, நீ வர்றதுக்குள்ள முடிச்சுடறேன்," என்று உரக்கச் சொன்னாள். நாலாவது குவியலில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கிழங்குத் தோல் கிழிகிற சத்தம் போலத்தான் இருந்தது. அவள் நிற்கவில்லை.

நுரையின் நிறம் மாறியதை முதலில் கவனிக்கவில்லை. கசப்புக் கிழங்கில் சில இனம் சிவப்பாகத்தான் வடியும். ஆனால் அந்தக் குவியலில் அந்த இனம் இல்லை.

கீழே பார்த்தாள். பெருவிரல் பக்கத்து விரலின் மேல் சாய்ந்து படுத்திருந்தது, முன்பு இருந்ததைவிட மோசமாக. கம்பி வளைந்து, நகத்துக்குக் கீழே ஒரு கொக்கிபோல வெளியே வந்திருந்தது. மஞ்சள் குமிழைக் காணோம். தையல் ஒரு பக்கமாகப் பிளந்து வாய் திறந்திருந்தது. வலி கொஞ்சமும் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அவள் உட்கார்ந்து, சிவந்த கிழங்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாவாடை மடிப்பில் போடத் தொடங்கினாள். ஏழோ எட்டோ பொறுக்கியிருப்பாள். செனோபியோ மேட்டில் ஏறி வந்துவிட்டார்.

அவர் முதலில் மிதித்து முடிந்த குவியல்களைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு காலை.

"என்ன பண்ணே?"

அவள் இன்னொரு கிழங்கைப் பொறுக்கி மடியில் போட்டாள்.

"எவரிஸ்தா. என்ன பண்ணே நீ?"

"வலி நின்னுச்சு," என்றாள். "கொஞ்ச நேரம் வெச்சிருந்தேன். நின்னுடுச்சு."

"நின்னா உக்கார வேண்டியதுதானே! உன்னை யாரு மிதிக்கச் சொன்னா? நான் கேட்டேனா? அழுகட்டுமே! ஒரு வருஷத்துக் கிழங்கு அழுகினா செத்தா போயிடுவோம்?" கத்தியதில் இருமல் வந்து, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. "வலிச்சா சொல்ல மாட்டியா?"

"சொல்லி?"

அவர் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். தன் தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, அவள் காலை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை ரோக்ஸானா வர்றா," என்றாள்.

"வரட்டும்."

"அவ பாத்தா..."

"பாக்கட்டும். மினிபஸ் பிடிச்சு இன்னைக்கே போகணும். ஆஸ்பத்திரிக்கு."

"போனா திரும்ப விட மாட்டா. உனக்குத் தெரியும். ஆட்டை வித்துடுவா."

செனோபியோ காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பத்து நாள் மழித்த முகத்தில் இப்போது நரைத் தாடி திரும்பவும் வளர்ந்திருந்தது.

"உனக்கு அங்க இருக்கணும்னு ஆசைதானே, செனோபியோ?"

காற்று கிழங்குத் தோல்களை உருட்டிக்கொண்டு போனது.

"வெந்நீர் எனக்குப் பிடிச்சிருந்துச்சு," என்றார். "ஆமா, பிடிச்சிருந்துச்சு. காலையில எந்திரிச்சா நெஞ்சு வலிக்காம இருந்துச்சு. அதுக்காக உன் கால் உடையணும்னு நான் நினைப்பேனா?"

"நினைக்க மாட்டே."

"பின்னே?"

மேகம் இன்னும் சூரியனை மறைக்கவில்லை; வெயில் அவர் தொடைமேல் இருந்த பாதத்தில் நேராக விழுந்தது. வெளுத்திருந்த விரல்களில் ஓரமாக ஒரு சிவப்பு ஊறத் தொடங்கியது. எங்கோ ஆழத்தில், இன்னும் வலி என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று அசைந்தது. அவள் முதுகில் சுமை கட்டும் துணியை அவிழ்த்து, ஒரு முனையை நான்காக மடித்தாள்.

"கேளு. இன்னும் மரத்துதான் இருக்கு. கொஞ்ச நேரம்தான் இப்படி இருக்கும். லாமாக்குட்டி பள்ளத்துல விழுந்தப்ப அதோட காலைப் பிடிச்சு நேராக்கினியே, எலும்பு டக்குன்னு உக்காந்துச்சே. மூணு வாரத்துல அது ஓடலையா?"

"அது குட்டி, எவரிஸ்தா."

"குதிகாலை ஒரு கையால பிடிச்சுக்கோ. விரலை இன்னொரு கையால பிடி. முதல்ல கம்பியை உருவிடு, அப்புறம் விரலை இழு. நேரா வந்தவுடனே நான் கட்டைச் சுத்திடறேன். ஒழுங்காத்தான் சுருட்டி வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை அவ கட்டைத்தான் பாப்பா, காலையா பாக்கப்போறா?"

அவர் குதிகாலைப் பிடித்துக்கொண்டார். அது தானாகவே நடந்தது, அவள் சொன்னதால் என்று சொல்ல முடியாது. நடுங்குகிற காலை யாரும் பிடித்துக்கொள்ளத்தான் செய்வார்கள். அவருடைய மற்றொரு கை விரலுக்கு மேலே, காற்றில் நின்றது. அவர் உள்ளங்கையில் கிழங்கின் நுரை காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது.

எவரிஸ்தா மடித்த துணியை வாயருகே கொண்டுபோனாள்.

"நான் கத்த மாட்டேன்," என்றாள். "இழு."